சிவப்பு விளக்கு காரணம் சொல்ல வேண்டும்



இரயில் நிலையத்தின் தானியங்கிக் கதவில் உங்கள் பயண அட்டையை வைக்கிறீர்கள். பச்சை விளக்கு எரிந்தால் கதவு திறக்கிறது. சிவப்பு எரிந்தால் ஒரு 'கீச்' சத்தம் வருகிறது, அவ்வளவுதான். மறுபடி வைக்கிறீர்கள். மறுபடியும் சிவப்பு. பின்னால் ஆட்கள் சேர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் பணம் கட்டி வாங்கிய மாதச் சீட்டு அது, இன்னும் தேதி முடியவில்லை. ஆனாலும் பின்னால் நிற்பவர் கண்ணுக்கு அந்த நிமிடம் நீங்கள் சீட்டு இல்லாமல் நுழையப் பார்க்கிறவர்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரே சீட்டு தொடர்ந்து மறுக்கப்பட்டால், எங்கோ ஒரு பழுது இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. அந்தச் சான்றைப் படித்து, காரணத்தைப் பயணிக்குச் சொல்வது கதவை வைத்தவர்களின் கடமை. இப்போது அந்தச் சுமை பயணியின் தலையில் இருக்கிறது. அது சரியல்ல என்பது என் கருத்து. ஏன் என்பதை நீங்கள் வகுப்பில் படிக்கும் அறிவியலையும் கணிதத்தையும் வைத்தே காட்டுகிறேன்.

"நம் பேராக்கில் இதற்கு என்ன வேலை, சார்?" என்று கேட்பீர்கள். நாட்டின் முதல் இரயில் பாதையே நம் மாநிலத்தில்தான் திறக்கப்பட்டது. 1885 ஜூன் 1-ஆம் நாள் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரை, அதாவது இன்றைய கோல செபெத்தாங் வரை, அது ஓடியது. 2010-இல் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே இ.டி.எஸ். மின்சார இரயில் வந்தது. தெற்கே தஞ்சோங் மாலிமிலிருந்து கொமுட்டர் இரயிலில் தினமும் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எஸ்.பி.எம். முடித்து கிள்ளான் பள்ளத்தாக்கிற்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகளில் பலர், அங்கே முதலில் வாங்குவது மாதம் 50 ரிங்கிட் விலையுள்ள மை50 பயணச் சலுகையைத்தான். இன்று இல்லாவிட்டாலும் நாளை நீங்களும் அந்தக் கதவின் முன் நிற்பீர்கள்.

கண்ணால் படித்த காலம்

முன்பு இரயில் சீட்டு என்றால் தடித்த சிறு அட்டை. 1830-களின் இறுதியில் வட இங்கிலாந்தில் தாமஸ் எட்மண்ட்சன் என்னும் நிலைய அதிகாரி, வரிசை எண் அச்சிட்ட அட்டைச் சீட்டு முறையை உருவாக்கினார். அது உலகெங்கும் பரவி, மலாயா இரயில்வேக்கும் வந்தது. உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டால் நினைவிருக்கும். பரிசோதகர் சீட்டை வாங்கிப் பார்ப்பார், சாவணம் போன்ற கருவியால் ஒரு துளை போடுவார், திருப்பித் தருவார்.

அந்த முறையில் குறைகள் இருந்தன. வேகம் குறைவு, ஏமாற்றுவதும் எளிது. ஆனால் ஒரு நல்ல குணமும் இருந்தது. சீட்டு நனைந்தோ கசங்கியோ போனால் பரிசோதகர் "என்னப்பா ஆச்சு?" என்று கேட்பார். நீங்கள் பதில் சொல்வீர்கள். மங்கிய எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார். படிப்பவருக்கு ஐயம் வந்தால் பேச வழி இருந்தது. இன்றைய கதவில் அந்த வழி இல்லை.

காந்தப் பட்டை ஏன் மறக்கிறது?

சீட்டை இயந்திரம் படிக்கத் தொடங்கியபோது முதலில் கைகொடுத்தது காந்தம். 1960-களில் ஐ.பி.எம். நிறுவனத்தின் பொறியாளர் பாரஸ்ட் பாரி, காந்த நாடாவைப் பிளாஸ்டிக் அட்டையில் ஒட்ட முயன்றார். எந்தப் பசையும் சரிவரவில்லை. துணி தேய்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி, இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பார்க்கச் சொன்னார். சூட்டில் நாடா அட்டையோடு ஒட்டிக்கொண்டது. காந்தப் பட்டை அட்டை இப்படித்தான் பிறந்தது.

பட்டைக்குள் இருப்பது மிக நுண்ணிய காந்தத் துகள்கள். அவை எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்பதில்தான் தகவல் இருக்கிறது. பட்டை நகர்ந்து படிக்கும் கருவியைத் தாண்டும்போது, காந்தப்புலம் மாறுகிறது. கருவியின் கம்பிச் சுருளில் சிறு மின்னோட்டம் தூண்டப்படுகிறது. 1831-இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. படிவம் 5 இயற்பியலில் இதைப் படிப்பீர்கள்.

இந்தத் துகள்களைத் திருப்ப எவ்வளவு வலிமையான காந்தப்புலம் தேவை என்பதை ஓர்ஸ்டெட் என்ற அலகில் சொல்வார்கள். மலிவான பட்டைகளுக்கு ஏறத்தாழ 300 ஓர்ஸ்டெட் போதும். வங்கி அட்டைகளில் வரும் உறுதியான பட்டைகளுக்கு ஏறத்தாழ 2750 அல்லது அதற்கும் மேல் வேண்டும். மலிவான பட்டையை, கைப்பையின் மூடியில் இருக்கும் காந்தப் பொத்தானே அழித்துவிடக்கூடும். கைப்பேசி உறைகளிலும் இப்போது காந்தம் வந்துவிட்டது.

இந்தத் தொல்லையை நீண்ட காலம் அனுபவித்தவர்கள் பிரிட்டனின் இரயில் பயணிகள். அங்கு 1986 முதல் வங்கி அட்டை அளவில், ஆரஞ்சு நிறக் கோடுகளோடு, பின்புறம் காந்தப் பட்டை வைத்த சீட்டுகள் அச்சிடப்பட்டன. ஒருமுறை போய்வரும் சீட்டுக்கு அது போதும். ஆனால் மாதச் சீட்டும் ஆண்டுச் சீட்டும் அதே மெல்லிய அட்டையில்தான் வந்தன. ஆண்டுச் சீட்டின் விலை தடத்தைப் பொறுத்துப் பல ஆயிரம் பவுண்டு.

ஒரு கணக்குப் போடுவோம். வேலைக்குப் போகும்போது ஏறும் நிலையத்தில் ஒரு கதவு, இறங்கும் நிலையத்தில் ஒரு கதவு. திரும்பும்போது மறுபடி இரண்டு. நாளுக்கு 4 முறை. வாரம் 5 நாள், ஆண்டில் 46 வாரம் என்றால் 4 × 5 × 46 = 920 முறை. ஒரு மெல்லிய அட்டை 920 முறை இயந்திரத்தின் உருளைகளுக்கு இடையே இழுக்கப்பட்டு, படிக்கும் கருவியில் உரசிக்கொண்டு போகிறது. மீதி நேரத்தில் சட்டைப் பையில் வளைகிறது, கைப்பேசியோடு உரசுகிறது. அது தேய்ந்து போவதில் வியப்பு என்ன? தேயாமல் இருந்தால்தான் வியப்பு! சீட்டு வேலை செய்யாதபோது நிலையத்தில் காட்டி மாற்றிக்கொள்வார்கள். சில வாரம் கழித்துப் புதியதும் படுத்துவிடும். தவறு பயணி மேல் என்றால் புதிய சீட்டும் ஏன் அதே வழியில் போகிறது? ஒரே விளைவு திரும்பத் திரும்ப வந்தால், மாறாமல் இருப்பது எது என்று பார்க்க வேண்டும். மாறாமல் இருந்தது அந்தச் சீட்டின் வடிவமைப்பு.

மின்கலம் இல்லாத அட்டை

நம் கையில் இப்போது இருப்பது வேறு வகை. டச் அண்ட் கோ அட்டையில் மின்கலம் இல்லை. விளிம்பை ஒட்டிச் சுற்றிவரும் ஒரு கம்பிச் சுருளும், அதோடு இணைந்த சிறு சில்லும் இருக்கின்றன. கதவில் உள்ள கருவி, நொடிக்கு ஒரு கோடியே 35 இலட்சத்துக்கும் அதிகமான முறை, அதாவது 13.56 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை உருவாக்குகிறது. அட்டையை அருகில் கொண்டுபோனால் சுருளில் மின்னோட்டம் தூண்டப்பட்டு, சில்லு விழித்துக்கொள்கிறது. தன் எண்ணைச் சொல்கிறது. மீதிப் பணத்தைத் திருத்தி எழுதிக்கொள்கிறது. இங்கேயும் பாரடேதான்.

சாதாரணக் காந்தம் இந்தச் சில்லின் நினைவை அழிக்காது. அதில் தகவல் மின்னூட்டமாகச் சேமிக்கப்படுகிறது. ஆகவே "காந்தத்தின் பக்கத்தில் வைத்தாயா?" என்று யாராவது உங்களைக் கடிந்துகொண்டால், அது பழைய பட்டைக்குத்தான் பொருந்தும். இந்த அட்டை கெடுவதற்கு வேறு காரணங்கள் உண்டு.

ஒன்று, வளைவு. பின் சட்டைப் பையில் அட்டையை வைத்து உட்கார்ந்தால் கம்பியோ சில்லின் இணைப்போ விட்டுப்போகலாம். இரண்டு, துளை. கழுத்தில் மாட்டிக்கொள்ள அட்டையின் மூலையில் துளை போடும் பழக்கம் நம் மாணவர்களிடம் உண்டு. கம்பிச் சுருள் ஓடுவதே அந்த விளிம்பில்தான். சுருள் அறுந்தால் மின்னோட்டம் இல்லை, அட்டை பேசாது. மூன்று, கூட்டம். ஒரே பணப்பையில் டச் அண்ட் கோ அட்டை, மைகாட், வங்கி அட்டை எல்லாம் இருந்தால், பல சுருள்கள் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்கின்றன. கருவிக்கு எதைக் கேட்பது என்று தெரியாமல் போகலாம். நான்கு, அவசரம். சில்லு எழுதி முடிப்பதற்குள் அட்டையை வெடுக்கென்று இழுத்துவிட்டால் வேலை பாதியில் நின்றுவிடும்.

இந்த நான்கில் மூன்றாவதும் நான்காவதும் பயணி நொடியில் சரிசெய்யக்கூடியவை. முதல் இரண்டுக்கும் அட்டையையே மாற்ற வேண்டும். ஆனால் நான்குக்கும் கதவு காட்டுவது ஒரே சிவப்பு என்றால், எதைச் சரிசெய்வது என்று பயணிக்கு எப்படித் தெரியும்?

கணினியே தவறும்போது

அட்டையும் கையும் சரியாக இருந்தும் கதவு மறுக்கலாம். இலண்டனில் 2003-இல் ஆய்ஸ்டர் என்னும் பயண அட்டை வந்தது. அங்குள்ள ஈஸ்ட் ஹாம், ஹாரோ போன்ற பகுதிகளில் வாழும் தமிழர்களும் அதைத்தான் பையில் வைத்திருந்தார்கள். 2008 ஜூலை 12-ஆம் நாள் காலை, கதவுகளைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்த நிறுவனத்தின் கணினியிலிருந்து தவறான தரவுப் பட்டியல் கருவிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அட்டையை வைத்தவர்களின் அட்டைகளே கெட்டுப்போயின. ஒன்றிரண்டு அல்ல, பல்லாயிரம் அட்டைகள்! கடைசியில் கதவுகளைத் திறந்துவிட்டுப் பயணிகளை இலவசமாக அனுப்பினார்கள். கெட்ட அட்டைகளை மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டு வாரத்துக்குள் இன்னொரு முறையும் அமைப்பு தடுமாறியது.

அன்று காலை முதல் பயணிக்குச் சிவப்பு எரிந்தபோது, அவர் என்ன நினைத்திருப்பார்? 'என் அட்டைக்கு என்னவோ ஆகிவிட்டது' என்றுதான். ஆயிரம் பேருக்கு எரிந்த பிறகுதான் 'இது நம் தவறில்லை' என்று எல்லாருக்கும் தெரிந்தது. இதிலிருந்து ஒன்று புரிகிறது. அட்டை, படிக்கும் கருவி, பின்னால் இருக்கும் கணினி என மூன்று இடத்தில் பழுது வரலாம். சிவப்பு விளக்கு மூன்றையும் பிரித்துச் சொல்வதில்லை. ஆயிரம் பேருக்கு ஒன்றாக நடந்தால் நியாயம் கிடைக்கிறது. ஒருவருக்கு மட்டும் தினமும் நடந்தால் அவரை யார் நம்புவார்கள்?

மூன்றாவது சிவப்பின் கணக்கு

அந்த ஒருவருக்குத் துணையாக நிகழ்தகவு இருக்கிறது. நீங்கள் மலாயில் 'கெபாராங்காலியான்' என்று படிக்கும் அதே பாடம். கீழே வரும் எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை.

நல்ல அட்டையை 100 முறை வைத்தால் 99 முறை கதவு திறக்கிறது, ஒருமுறை தற்செயலாக மறுக்கிறது என்று கொள்வோம். 99 விழுக்காடு என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாதச் சீட்டு வைத்திருப்பவர் நாளுக்கு 4 முறை, மாதம் 22 நாள் என்று 88 முறை கதவைக் கடக்கிறார். எல்லா 88 முறையும் தடையின்றித் திறக்க நிகழ்தகவு 0.99-ஐ 88 முறை பெருக்கினால் வருவது. கணிப்பானில் போட்டுப் பாருங்கள், ஏறத்தாழ 0.41 வரும். அப்படியானால் 100 பேரில் 59 பேருக்கு மாதத்தில் ஒருமுறையாவது சிவப்பு எரியும். ஒருமுறை மறுக்கப்படுவது சாதாரணம் என்று இந்தக் கணக்கு சொல்கிறது. அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை, யாரையும் சந்தேகிக்க வேண்டியதும் இல்லை.

இப்போது 1000 அட்டைகளில் ஒன்று உண்மையாகவே பழுதானது, அது எப்போதும் மறுக்கப்படும் என்று கொள்வோம். எல்லாரும் ஒருமுறை அட்டையை வைக்கிறார்கள். பழுதான ஓர் அட்டைக்குச் சிவப்பு. மீதி 999 நல்ல அட்டைகளில் நூற்றுக்கு ஒன்று என ஏறத்தாழ 10 அட்டைகளுக்கும் சிவப்பு. ஆக, முதல் சிவப்பைப் பார்த்து 'அட்டை பழுது' என்று முடிவு கட்டினால், பதினொன்றில் பத்து முறை தவறாகிவிடும். பொறுமையாக மறுபடி வைப்பதே சரி.

மூன்று முறை தொடர்ந்து சிவப்பு எரிந்தால்? நல்ல அட்டைக்குத் தற்செயலாக அப்படி நடக்க நிகழ்தகவு 0.01 × 0.01 × 0.01. பத்து இலட்சத்தில் ஒன்று. பழுதான அட்டையோ ஆயிரத்தில் ஒன்று. இரண்டையும் ஒப்பிட்டால், மூன்றாவது சிவப்பில் பழுதுக்கான வாய்ப்பு தற்செயலைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு அதிகம். மூன்றாவது சிவப்புக்குப் பிறகும் "சரியாக வை, சரியாக வை" என்று பயணியிடமே சொல்லிக்கொண்டிருப்பது அறிவியலுக்கு ஒத்துவராது.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. மூன்று முயற்சியும் ஒன்றையொன்று சாராதவையாக இருக்க வேண்டும். பணப்பையோடு சேர்த்து ஒரே மாதிரி மூன்று முறை வைத்தால் அது மூன்று சோதனை ஆகாது, ஒரே சோதனையை மூன்று முறை செய்ததுதான். ஆகவே ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் அட்டையைப் பையிலிருந்து வெளியே எடுங்கள். அடுத்து, தட்டையாக வைத்து ஒரு நொடி அசையாமல் பிடியுங்கள். பிறகு பக்கத்துக் கதவுக்குப் போங்கள். தமிழ்ப்பள்ளியில் படித்த தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி எல்லாம் தேர்வோடு முடிந்துவிடும் சொற்கள் இல்லை.

மழைத் தண்ணீரும் மெட்ரோலாக்கும்

கருவி ஓர் எண்ணைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது என்பது நம் குடும்பங்களுக்குப் புதிது இல்லை. பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் பால் மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் உங்களில் பலர். இன்று அந்தத் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி, ஸ்டோருக்குக் கொண்டுவந்து நிறுப்பார்கள். பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று பார்க்க, மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியை உள்ளே விடுவார்கள். ரப்பர் தண்ணீரைவிட இலேசானது. ஆகவே ரப்பர் அதிகமான பாலில் கருவி ஆழமாக அமிழும், தண்ணீர் கலந்த பாலில் மேலே மிதக்கும். ஆர்க்கிமிடிஸ் தத்துவம்தான்.

கருவியில் பிழை இல்லை. ஆனால் பாலில் தண்ணீர் எப்படி வந்தது என்று அதற்குத் தெரியாது. மங்கில் விழுந்த மழைத் தண்ணீரும், யாரோ வேண்டுமென்றே ஊற்றிய தண்ணீரும் மெட்ரோலாக்குக்கு ஒன்றுதான். எண் குறைந்தால் "தண்ணி ஊத்தினியா?" என்ற கேள்வி தொழிலாளியை நோக்கித்தான் வரும். எண்ணைப் படிப்பவர் கிராணி, எழுதுபவரும் அவரே. மரம் வெட்டியவர் தூரத்தில் நிற்பார். காலையில் மழை பெய்ததை நினைவுபடுத்த அவருக்குத் துணிவு வேண்டும்.

இரயில் நிலையக் கதவை நான் இதோடு ஒப்பிடுவதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு இடத்திலும் கருவி கண்டது ஒரு விளைவை. அதற்குக் காரணத்தைக் கற்பித்தது மனிதர். அளவீடும் விளக்கமும் ஒன்றல்ல. இதை ஆய்வுக்கூடத்தில் நாம் எப்போதும் பிரித்தே எழுதுகிறோம். உற்றறிதல் ஒரு வரி, ஊகித்தல் அடுத்த வரி. 'கதவு திறக்கவில்லை' என்பது உற்றறிதல். 'இவர் பணம் கட்டவில்லை' என்பது ஊகித்தல்.

என்ன கேட்கலாம்?

எதிர்த் தரப்பின் நியாயத்தையும் பார்க்க வேண்டும். பணம் கட்டாமல் பயணம் செய்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. மூன்று முறை சிவப்பு எரிந்தால் கதவைத் திறந்துவிடு என்று விதி வைத்தால், சிலர் அட்டையை வேண்டுமென்றே வளைத்துக்கொண்டு வருவார்கள். அந்தப் பயம் பொய்யில்லை. நான் கேட்பது அதுவல்ல.

முதலாவது, கதவு காரணத்தைச் சொல்லட்டும். 'அட்டையைப் படிக்க முடியவில்லை', 'ஒன்றுக்கு மேற்பட்ட அட்டை உள்ளது', 'காலம் முடிந்துவிட்டது', 'கணினி இணைப்பு இல்லை' என்று திரையில் ஒரு வரி போதும். சில இடங்களில் ஒரு குறியீட்டு எண் மட்டும் வருகிறது. அது பணியாளருக்குப் புரியும், பயணிக்குப் புரியாது. கருவிக்குத் தெரிந்ததைப் பயணியும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது சிறிய கோரிக்கை இல்லை. 2024 ஜனவரி 9-ஆம் நாள் சிங்கப்பூரில், பழைய ஈசி-லிங்க் அட்டைகளை நிறுத்திவிட்டுப் பயணிகளைப் புதிய கணக்கு முறைக்கு மாற்றப் போவதாக அறிவித்தார்கள். புதிய முறையில் கதவைக் கடக்கும்போது மீதிப் பணம் திரையில் தெரியாது. மக்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அதே மாதம் 22-ஆம் நாள் அரசு முடிவை மாற்றி, பழைய முறையும் தொடரும் என்றது. அதற்காக 4 கோடி சிங்கப்பூர் வெள்ளி கூடுதலாகச் செலவிட ஒத்துக்கொண்டது. பயணிகள் கேட்டதால் நடந்தது அது.

இரண்டாவது, ஒரே அட்டை திரும்பத் திரும்ப மறுக்கப்பட்டால் கணினி அதைக் குறித்துவைக்கட்டும். ஒவ்வோர் அட்டைக்கும் எண் உண்டு. எந்த எண் எத்தனை முறை மறுக்கப்பட்டது என்று எண்ணுவது கணினிக்கு எளிய வேலை. மாதச் சீட்டு வாங்கியவருக்குப் பயண உரிமை, அவர் கட்டிய பணத்தால் வந்தது. அட்டை அந்த உரிமையைக் காட்டும் கருவி மட்டுமே. கருவி பழுதானால் அங்கேயே, கட்டணமின்றி, வேறொன்று கொடுக்க வேண்டும். உரிமை கணினியில் பத்திரமாக இருக்கும்போது அதில் என்ன சிரமம்?

மூன்றாவது, கதவு இருக்கும் இடத்தில் ஒரு மனிதரும் இருக்கட்டும். தீ எச்சரிக்கை ஒலித்தால் இந்தக் கதவுகள் திறந்துகொள்ளும்படிதான் வடிவமைக்கிறார்கள். ஆபத்தில் இயந்திரத்தைவிட மனிதரே முக்கியம் என்று பொறியாளர்கள் ஏற்கெனவே முடிவு செய்திருக்கிறார்கள். அதே மனப்பான்மை சாதாரண நாளிலும் கொஞ்சம் வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவர், கண் தெரியாதவர், கைப்பேசி பழக்கமில்லாத பாட்டி, இவர்களுக்குத் திரையில் வரும் வரி மட்டும் போதாது.

இவையெல்லாம் நடக்காத காரியங்களா? நீங்கள் தினமும் பார்க்கும் கியூஆர் குறியீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈப்போவிலிருந்து இ.டி.எஸ். இரயிலில் போகிறவர்கள் கைப்பேசியில் காட்டுவதும் அதைத்தான். 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு அதை உருவாக்கியபோது, தொழிற்சாலையில் எண்ணெய்க் கறையும் அழுக்கும் படும் என்று முன்கூட்டியே நினைத்தார்கள். ஆகவே தகவலோடு கூடுதல் எண்களையும் சேர்த்து வைத்தார்கள். உயர்ந்த நிலையில் குறியீட்டின் ஏறத்தாழ 30 விழுக்காடு அழிந்தாலும் மீதியை வைத்துப் படித்துவிடலாம். பழுது வரும் என்று முதலிலேயே எதிர்பார்த்து, அதன் சுமையைப் பயனர் மேல் போடாமல் வடிவமைப்பே தாங்கிக்கொண்டது. நல்ல பொறியியலுக்கு நான் வகுப்பில் சொல்லும் எடுத்துக்காட்டு இது.

உங்களுக்கு இரண்டு வேலை

முதல் வேலை: காலாவதியான பயண அட்டை ஒன்று வீட்டில் கிடந்தால், இருட்டில் அதன் பின்னால் கைப்பேசி விளக்கைப் பிடித்துப் பாருங்கள். பல அட்டைகளில் கம்பிச் சுருள் நிழலாகத் தெரியும். எங்கே ஓடுகிறது, எத்தனை சுற்று என்று வரைந்து வையுங்கள். பார்த்தபின், நல்ல அட்டையில் துளை போட உங்களுக்கே மனம் வராது.

இரண்டாவது வேலை: உங்களுடைய அட்டையோ, வேலைக்குப் போகும் அண்ணன் அக்காவின் அட்டையோ அடிக்கடி மறுக்கப்பட்டால், ஓர் அட்டவணை போடுங்கள். நாள், நேரம், நிலையம், எந்தக் கதவு, எத்தனையாவது முயற்சி, அட்டை எப்படி இருந்தது, திரையில் என்ன வந்தது. இரண்டு வாரம் எழுதினால் போதும். எல்லாக் கதவிலும் மறுக்கப்பட்டால் அட்டையைப் பாருங்கள். ஒரு கதவில் மட்டும் என்றால் அந்தக் கதவைச் சந்தேகியுங்கள். குறிப்பிட்ட நாளில் எல்லாருக்கும் என்றால் கணினி. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நிலைய முகப்பில் போய்ப் பேசுங்கள். "என் அட்டை வேலை செய்யவில்லை" என்பது முறையீடு. "இந்த அட்டை நான்கு நிலையங்களில் பதினெட்டு முறை மறுக்கப்பட்டது, பக்கத்தில் என் நண்பரின் அட்டை திறந்தது" என்பது சான்று. மரியாதையாகச் சொல்லுங்கள், தயங்காமலும் சொல்லுங்கள். அங்கே நிற்கும் பணியாளரும் நம்மைப் போல ஒருவர்தான்; கதவு அவருக்கும் காரணம் சொல்வதில்லை. உங்கள் தாள் அவருக்கும் உதவும்.

அட்டவணை போட்டவர்கள் அடுத்த வாரம் வகுப்பில் உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள். எந்த மாறியை மாற்றினீர்கள், எதை மாற்றாமல் வைத்திருந்தீர்கள் என்று அவர் முதலில் கேட்பார். அதற்குப் பதில் தயாராக இருக்கட்டும்.